காற்று ஓயாத கரையில் சீகோங் பழகுவது

சீகோங் பழக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பவை இரண்டு: எந்தப் பயிற்சி நல்லது, நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் பதில் சொல்வது எளிது. ஆனால் பழக்கம் நிலைப்பதும் பாதியில் நின்றுபோவதும் வேறு இரண்டு முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் எந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள், அன்றாடம் தவறாமல் செய்யும் எந்த வேலைக்கு அடுத்ததாக இதை வைக்கப் போகிறீர்கள் என்பவையே அந்த முடிவுகள். வெயிலும் காற்றும் கடல் தொழிலின் நேரமும் ஒவ்வொரு நாளையும் ஆளுகின்ற இராமநாதபுரம் கடற்கரையில், இவற்றைத் தீர்மானிக்காமல் ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வாடைக்காற்று பிறப்பதற்குள் பயிற்சியை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மெதுவான உடலசைவு, இயல்பான மூச்சு, அலையாத கவனம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பழக்கும் சீனப் பயிற்சிகளின் பொதுப்பெயர்தான் சீகோங். உடலைச் சீராக்குவது, மூச்சைச் சீராக்குவது, மனத்தைச் சீராக்குவது என்று அந்த மரபினர் இதை மூன்றாக வகுத்துச் சொல்வார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. அவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த கீழ்த்தளத்தில் விடியற்காலையில் கூடும் சீனப் பெரியவர்களோடு நின்று பழகி, ஊர் திரும்பிய பிறகும் பாம்பனில் எங்கள் வீட்டு முற்றத்தில் அதைத் தொடர்ந்தார். கை அசைவுகளைக் காட்டுங்கள் என்று நான் கேட்டபோது, "கை கிடக்கட்டும் தம்பி, முதல்ல நிக்கப் பழகு. நிக்கத் தெரிஞ்சா கை தானா வரும்" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் வழிமுறையில் பெரும்பகுதி அந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான்.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே, இது காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் சீனர்களுக்குக் கொடுத்தது என்று யாராவது சொல்வார்கள். தசைநார்களை வலுப்படுத்துவதற்கான யீ ஜின் ஜிங் என்ற சீன நூல் அவர் பெயரால் வழங்குவது உண்மைதான். ஆனால் அந்த நூல் 17-ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதும், அதை அவரோடு இணைக்கும் முன்னுரை நம்பத்தக்கதன்று என்பதும் ஆய்வாளர்களின் முடிவு. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னும் இடத்தில், பொ.ஆ.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து 1970-களில் பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. உடலை நீட்டியும் வளைத்தும் பயிற்சி செய்யும் 44 உருவங்கள் அதில் வரையப்பட்டிருக்கின்றன. போதிதர்மர் சீனாவுக்குச் சென்றதாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது அது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடையதுதானே என்ற நினைப்பில், யோகாசனத்தில் பழகிய இழுப்பையும் பிடிப்பையும் இதிலும் கொண்டுவந்து, நிற்கும் முறையைக் கற்காமலேயே பலர் கடந்துபோகிறார்கள். கீழக்கரைக்குப் பக்கத்தில் உள்ள பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. அங்கிருந்து வரும் பொருளை மதிப்போடு வாங்கிப் பழகிய கரை இது. கற்பவராக அணுகுவதில் நமக்குக் குறைவு எதுவும் இல்லை.

இனி நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். சீனர்கள் ஜான் ஜுவாங் என்று அழைக்கும் இந்த நிலைப்பயிற்சியை 20-ஆம் நூற்றாண்டில் பலரிடம் கொண்டுசேர்த்தவர்களில் வாங் ஷியாங்ஜாய் முக்கியமானவர். கால்களைத் தோள் அகலத்துக்கு விலக்கி, பாதங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நில்லுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குப் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியே நின்று பழகியிருப்பதால், இணையாக வைத்ததும் உள்பக்கம் திரும்பிவிட்டதைப் போலத் தோன்றும். முழங்கால்களைப் பூட்டாமல் சற்றே தளர்த்துங்கள். உட்காருவதைப் போல மடக்க வேண்டியதில்லை, முழங்கால் பாதவிரல்களைத் தாண்டி முன்னே போகவும் கூடாது. இடுப்புக்குப் பின்னால் உள்ள வளைவு தளர்ந்து, வால் எலும்பு நேராகத் தரையை நோக்கியிருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். உச்சந்தலை மேலே இழுக்கப்படுவதாக எண்ணிக்கொண்டு முகவாயைச் சற்று உள்ளிழுத்தால் போதும். தொடக்கத்தில் இரு உள்ளங்கைகளையும் தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே, தான்தியென் என்று அவர்கள் குறிப்பிடும் இடத்தின் மீது வைத்துக்கொள்ளலாம். சில வாரங்கள் கழித்து, பெரிய மரம் ஒன்றைத் தழுவுவதைப் போலக் கைகளை நெஞ்சின் முன் வட்டமாக உயர்த்தலாம். அப்போது தோள்கள் எழும்பாமலும் முழங்கைகள் மணிக்கட்டைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் வாரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள்ளேயே தொடை நடுங்கும், தோள் கனக்கும், நேரம் நகராததைப் போல இருக்கும். நடுக்கம் இயல்பானது. முழங்காலில் குத்துவலி வந்தால் மட்டும் உடனே நிமிர்ந்துவிடுங்கள். உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடுவதைக் கண்டு பலர் தங்களைக் கல்லாக இறுக்கிக்கொள்கிறார்கள். நங்கூரமிட்ட வள்ளம் அலைக்குத் தக்கபடி அசைந்துகொண்டுதான் இருக்கும், இடத்தை விட்டுப் போகாது. உடலின் அசைவையும் அப்படியே விட்டுவிட்டு, எடை குதிகாலிலும் விரல்களிலும் மாறிமாறி விழாமல் பாதத்தின் நடுவில் தங்குகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். வாரத்துக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூட்டிக்கொண்டே போய், பத்து நிமிடம் நிற்க முடிகின்ற நிலையில் வீட்டு வேலையும் தொழிலும் உள்ள ஒருவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இருபது நிமிடம் நிற்பவர்களைப் பார்த்துப் போட்டி போடுவதால் எதுவும் கிடைப்பதில்லை.

மூச்சைப் பற்றிச் சொல்வதற்கு நான் ஒருமுறை தயங்கினேன். கேட்டவர் கடற்பாசி எடுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பவளப்பாறைகளுக்கு நடுவே பாசி பறிக்கின்ற பெண்களுக்கு மூச்சைப் பற்றித் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. "அடக்கித்தான் எங்களுக்குப் பழக்கம், இதுல எவ்வளவு நேரம் அடக்கணும் தம்பி?" என்று அவர் கேட்டார். இதில் அடக்கவே கூடாது என்றேன். தொடங்குபவர்களுக்கான சீகோங்கில் மூச்சை நிறுத்தும் கட்டமே கிடையாது. மூக்கின் வழியே தானாக வந்துபோகும் மூச்சைத் தடுக்காமல் விட வேண்டும். ஓய்வாக இருக்கும்போது வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உடல் தளரத் தளர அந்த எண்ணிக்கை தானே இறங்கும், அடிவயிறு மெல்ல எழுந்து தாழும். அதைக் குறைக்க வேண்டும் என்று முனைந்தால் நெஞ்சு இறுகி, தலை கனத்து, பயிற்சி முடிந்த பிறகு படபடப்பே மிஞ்சும். மூழ்கித் தொழில் செய்பவர்கள் கரையேறிய அன்று மாலையில், கைகளை வயிற்றில் வைத்துச் சிறிது நேரம் நின்று, வெளிமூச்சை உள்மூச்சைவிடச் சற்று நீளமாகப் போகவிட்டால் போதும் என்பதே நான் அவருக்குச் சொன்னது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பாசி நாட்களில் அதற்கு மேல் அந்த உடலிடம் கேட்பது நியாயமில்லை.

நிற்பது ஓரளவு பிடிபட்ட பிறகு அசைவுக்கு வரலாம். பல முறைகளைத் தேடி அலைவதைவிட, பா துவான் ஜின் என்னும் எட்டு அசைவுத் தொகுதி ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். சோங் அரசமரபுக் காலத்திலேயே பெயர் பதிவாகியுள்ள பழைய முறை அது. 2003-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை நான்கு சீகோங் முறைகளைச் சீர்படுத்தி வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இதையும் வைத்தது. அந்தச் சீரான வடிவம் ஏறத்தாழ 12 நிமிடம் பிடிக்கும். காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு வாரத்துக்கு ஓர் அசைவு வீதம் கற்றால், இரண்டு மாதத்தில் தொகுதி முழுவதும் கைவசமாகும். காணொளியைப் பார்த்துக்கொண்டே தினமும் செய்யக்கூடாது. கற்கும் நாளில் பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் நினைவிலிருந்து செய்தால்தான் கவனம் திரையை விட்டு உடலுக்கு வரும்.

முதல் அசைவில் இரண்டு கைகளின் விரல்களையும் கோத்து, உள்ளங்கைகளை வானத்தை நோக்கித் திருப்பித் தலைக்கு மேலே உயர்த்தி, சற்று நிறுத்தி, பக்கவாட்டில் இறக்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்து மீன் பிரிப்பவர்களுக்கும் வலை பழுது பார்ப்பவர்களுக்கும் விலாவை விரித்துக்கொடுப்பதில் இதைப் போன்ற எளிய அசைவு வேறில்லை. இரண்டாவது, குதிரைமேல் அமர்ந்ததைப் போலக் கால்களை அகட்டி, வில்லை இழுக்கும் பாவனையில் இடமும் வலமும் கைகளை விரிப்பது. மூன்றாவதில் ஒரு கை மேலே தாங்க, மறு கை கீழே அழுத்தும். நான்காவது, உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. கைபேசி பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட இளைஞர்களிடம் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஐந்தாவதில் தாழ்ந்த நிலையில் தலையும் இடுப்பும் வட்டமாகச் சுழலும், ஆறாவதில் குனிந்து கால்களைத் தொட வேண்டும், ஏழாவதில் கைவிரல்களை மடக்கிக் கண்களை அகல விழித்துக் குத்துவிட வேண்டும். எட்டாவதில் குதிகால்களை உயர்த்தி நின்று, மெல்லத் தரையில் விடுவதை ஏழு முறை செய்ய வேண்டும்.

இரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் ஐந்தாவதிலும் ஆறாவதிலும் தலையைத் தாழ்த்தக்கூடாது. இடுப்பு மட்டத்துக்கு மேல் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது அந்த இரண்டையும் விட்டுவிடலாம். எலும்பு தேய்ந்தவர்கள் எட்டாவதில் குதிகாலை அடித்து இறக்காமல் மெதுவாக வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு மணலில் நிற்பதைத் தவிர்த்துவிட்டு, தட்டையான செருப்போடு சுவர் ஓரமாக நின்று செய்யட்டும். கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நிற்கவே முடியாத முதியவர்கள் முதல் நான்கு அசைவுகளையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யலாம். எந்த மாத்திரையையும் சீகோங்கை நம்பி நிறுத்தக்கூடாது. பா துவான் ஜின் தூக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உடல் சமநிலைக்கும் ஓரளவு உதவக்கூடும் என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பல சிறியவை, தரத்தில் குறைந்தவை. எனவே மருத்துவத்தோடு சேர்த்துச் செய்கின்ற ஒன்றாகவே இதை வைத்துக்கொள்வது நேர்மையானது.

அடுத்தது இடம். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது மணற்கரைதான். அரியமானிலோ தனுஷ்கோடிச் சாலையோரத்திலோ சூரியன் எழும் நேரத்தில் நிற்க யாருக்குத்தான் ஆசை வராது? என்றாவது ஒருநாள் அப்படி நிற்பது நல்ல அனுபவம், தினசரிப் பயிற்சிக்கு அது ஏற்ற இடமன்று. உலர்ந்த மணலில் கணுக்கால் உள்ளே புதைந்து, இணையாக வைத்த பாதங்கள் சிறிது நேரத்திலேயே திசைமாறும். இறுகிய ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், கரைக்கு இணையாக முகம்வைத்து நிற்பவருக்கு ஒரு கால் தாழ்ந்து மறுபக்க இடுப்பு பிடிக்கும். வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தரையோ மெழுகிய மண் தரையோதான் சிறந்தது. தினமும் நடந்துபோய்ச் சேர வேண்டிய இடத்தைவிடக் கதவைத் திறந்ததும் கால்படுகின்ற இடம் நம்மைப் பழக்கத்தில் வைத்திருக்கும்.

பலத்த காற்றில் நின்று பழகக்கூடாது என்று சீன ஆசிரியர்கள் சொல்வதுண்டு. காற்றில்லாத நாளை எதிர்பார்த்தால் நம் கரையில் பயிற்சியே நடக்காது. ஆகவே காற்றின் திசையை அறிந்து மறைவு தேட வேண்டும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளில் மணல் முகத்தில் அறையும். அப்போது வீட்டின் வடகிழக்கு மூலை அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் சீறும்போது அதே வீட்டின் தென்பக்கத் தாழ்வாரத்துக்கு மாறிக்கொள்ளலாம். படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக் கட்டுகின்ற மக்களுக்கு இது புதிய அறிவன்று. வியர்த்த உடலோடு நேர்க்காற்றில் நிற்காமல், பயிற்சி முடிந்ததும் துண்டால் துடைத்துச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட இன்னொரு வேலையோடு கட்டுவது உறுதியானது என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். காலை எட்டு மணிக்குள் வெயில் ஏறிவிடும் ஊர் என்பதால் விடியலை ஒட்டிய நேரமே பொதுவாக ஏற்றது. வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் என்றோ, பஜ்ர் தொழுகை முடிந்து வந்ததும் என்றோ, பால் வாங்கி வைத்ததும் என்றோ ஒன்றை முடிவுசெய்து, அதற்கும் பயிற்சிக்கும் இடையில் கைபேசி உட்பட வேறெதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் நீரிழப்பைக் கருதி, நோன்பு திறந்து சற்று நேரம் கழித்துச் சுருக்கமாகச் செய்வது நல்லது.

இரவெல்லாம் கடலில் இருந்து காலையில் கரை சேர்பவர்களுக்கு விடியற்காலைப் பயிற்சி பொருந்தாது. படகில் செய்வதும் ஆபத்து. அவர்கள் பகல் தூக்கம் கலைந்து எழுந்தவுடன் செய்யலாம், கடலுக்குப் போகாத நாளிலும் அதே ஒழுங்கை, அதாவது தூங்கி எழுந்தவுடன் என்பதை, விடாமல் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் புதிதாகத் தொடங்க நல்ல வாய்ப்பு. தடை முடிந்து தொழில் தொடங்கும் வாரத்தில்தான் பழக்கம் அறுபடும் என்பதால், அந்த வாரத்துக்கான நேரத்தைத் தடைக்காலத்திலேயே பேசி முடிவுசெய்து வையுங்கள்.

எவ்வளவு நாளில் பழக்கம் படியும் என்பதற்கு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உதவுகிறது. புதிய செயல் ஒன்று தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியதால் படிந்துகொண்டிருந்த பழக்கம் பெரிதாகக் குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, குறைந்த அளவு ஒன்றை நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்பதே. காய்ச்சல் இல்லாத எந்த நாளிலும், கல்யாண வீட்டுக்குப் போன நாளிலும் கூட, இரண்டு நிமிடம் நிற்பதும் முதல் அசைவை மூன்று முறை செய்வதும் என் குறைந்த அளவு. மனமிருந்தால் மேலே போவேன், இல்லையென்றால் அதோடு முடிப்பேன். அன்றைய பயிற்சி நடந்ததாகவே எனக்குக் கணக்கு. விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும்.

சில வாரங்களில் உள்ளங்கை சூடேறும், விரல்நுனிகள் குறுகுறுக்கும், கைகளுக்கு இடையே மெல்லிய அழுத்தம் இருப்பதைப் போலத் தோன்றும். மரபு அதைச் சீ என்னும் உயிராற்றலின் ஓட்டமாகக் கொள்கிறது. தளர்ந்த தசையும் கூடிய இரத்த ஓட்டமும் ஒருமுகப்பட்ட கவனமும் அந்த உணர்வுகளை விளக்கப் போதுமானவை என்று நான் கருதுகிறேன். எப்படி விளங்கிக்கொண்டாலும் அவற்றைத் துரத்தாதீர்கள். 1980-களில் சீனாவில் சீகோங் பேரலையாகப் பரவியபோது, தொலைவிலிருந்தே சீயைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்கள் பெருகினார்கள். அளவு மீறிய பயிற்சியால் மனம் குழம்பியவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவையே. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் நெடுநேர நிலைப்பயிற்சியையும் கற்பனைக் காட்சிப் பயிற்சியையும் தவிர்த்து, மருத்துவர் அறிய அசைவுகளை மட்டும் செய்ய வேண்டும். தொட்டால் நோய் தீரும் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவர் எவரானாலும் அவரிடம் கற்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது திடீரென்று கலைந்து ஓடாமல், கைகளை மீண்டும் அடிவயிற்றில் வைத்துச் சில மூச்சுகள் நின்று, உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தில் தடவி, முற்றத்தில் நாலடி நடந்துவிட்டு வேலைக்குப் போங்கள். மூன்று மாதம் கழிந்த பிறகு, கற்ற ஒருவரை நேரில் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால், அவர் முன் நின்று முழங்கால், இடுப்பு, தோள் இவற்றை மட்டும் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அது முடியாதவர்கள் வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, காது, தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவை ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஐந்து விலங்குகளின் அசைவைப் பின்பற்றும் வூ ச்சின் ஷீயையோ ஆறு ஒலிகளோடு மூச்சுவிடும் லியூ சி ஜுயேயையோ அதற்கு முன்னால் சேர்க்க வேண்டாம். பா துவான் ஜின்னை ஒரு கச்சான் காலமும் ஒரு வாடைக் காலமும் முழுதாகச் செய்து முடித்த பிறகு அவற்றில் ஒன்றைத் தொடங்குங்கள்.